மண்ணுக்குள் சமதர்மம் தேடுவோருக்கு

மரத்துக்கு மரம் மண்ணின் அடியிலே உணவு பரிமாறிக்கொள்கிறது. தாய்மரம் தன் கன்றுகளுக்கு ஊட்டுகிறது. காடு என்பது சுரண்டலற்ற ஒரு சமுதாயம் என்றொரு கதை சில ஆண்டுகளாக நம்மவர்களின் மேடைகளில் உலவி வருகிறது. ஆசிரியர் கூட்டமொன்றில் நண்பர் ஒருவர் இதனையே உருக்கமாக எடுத்துரைத்து, இயற்கையே நம் பக்கம் என்று முடித்தார். எல்லாரும் கைதட்டினார்கள், நானுந்தான் தட்டினேன். தோப்பூருக்குத் திரும்பி வகுப்பிலே அதைச் சொன்னபோது பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி எழுந்து, "அதை எப்படி சேர் அளந்தார்கள்?" என்று கேட்டாள். தமிழ் படித்துப் பட்டம் பெற்ற எனக்கு விடை தெரியவில்லை. விடை தேடிப் படிக்கப் போனவன், கைதட்டியதற்காக வெட்கப்பட்டுத் திரும்பினேன்.

மரத்தின் வேரும் பங்கசும் கூடி வாழ்வதை 'பங்கசு வேர்' என்று 1885இல் பெயரிட்டு விளக்கியவர் ஜெர்மானிய அறிஞர் பிராங்க். பங்கசு தன் நூலிழைகளால் மண்ணிலிருந்து நீரும் பொசுபரசும் நைதரசனும் கொண்டுவந்து கொடுக்கும். மரம் ஒளித்தொகுப்பால் ஆக்கிய சர்க்கரையைக் கொடுக்கும். எங்கள் வறண்ட வலயக் காட்டு மரங்களுள் மிகப் பெரும்பாலானவற்றில் இந்தப் பங்கசு வேரின் கலங்களுக்கு உள்ளேயே புகுந்துவிடும். வேரைச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் வைத்தாலன்றிக் கண்ணுக்குத் தெரியாது. சிங்கராஜக் காட்டின் ஹொர மரத்திலோ அது வேர்நுனியை உறைபோல மூடி நிற்கும். இவ்வளவும் உண்மை. யாரும் மறுக்கவில்லை.

இதற்கு மேல்தான் கற்பனை தொடங்குகிறது. 1997இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சுசான் சிமார்டும் அவரது சகாக்களும் காபனின் இரு சமதானிகளை இரண்டு இன மரக்கன்றுகளுக்கு ஊட்டி, ஒன்றிலிருந்து மற்றதற்குக் காபன் சென்றதை அளந்து காட்டினார்கள். நல்ல பரிசோதனைதான். ஆனால் அதே வகைப் பங்கசு இல்லாத மூன்றாவது இனக் கன்றிலும் சிறிதளவு காபன் சேர்ந்திருந்தது. ஆகவே மண்வழியாகவும் அது போகக்கூடும். இந்த நுணுக்கத்தை மேடை விழுங்கிவிட்டது. 2023இல் கார்ஸ்ட், ஜோன்ஸ், ஹொக்ஸ்மா ஆகிய மூவரும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் துருவிப் பார்த்து, முதிர்ந்த மரம் தன் சந்ததிக்கென்று பங்கசு வலைவழியே உணவு அனுப்புகிறது என்பதற்குக் காட்டிலே நடத்திய ஆய்வொன்றும் சான்றில்லை என்று எழுதினார்கள். இவர்களுள் ஜோன்ஸ், 1997 ஆய்வின் ஆசிரியர்களுள் ஒருவர்! சுயவிமரிசனம் என்று நாம் வாயால் சொல்வதை அந்த அம்மையார் செய்து காட்டினார்.

போட்டியைப் பற்றி நம் மேடைகள் பேசுவதேயில்லை. ஒரு வேர்நுனியில் இடம் கொஞ்சம்; அதற்கு ஆசைப்படும் பங்கசினங்கள் பல. இதை அளப்பது எப்படி? மண்ணைத் துளைத்தெடுத்து, அரிதட்டில் வேரைக் கழுவி, நுனிகளை ஒவ்வொன்றாக எண்ணி, டி.என்.ஏ.யைக் கொண்டு இனம் பிரிக்கலாம். ஆனால் எண்ணிக்கை போட்டியைக் காட்டாது. ஓரிடத்தில் ஓர் இனம் இல்லையென்றால் தோற்றுப் போனதாலா, அந்த மண் ஒவ்வாததாலா, வித்தி வந்து விழாததாலா? ஆகவே கிருமி நீக்கிய மண்ணில் மூன்று சாடி வைக்க வேண்டும்: ஒன்றில் முதல் இனம் மட்டும், இன்னொன்றில் இரண்டாவது மட்டும், மூன்றாவதில் இரண்டும். தனித்திருக்கையில் பிடித்த நுனிகளுக்கும் சேர்ந்திருக்கையில் பிடித்த நுனிகளுக்கும் உள்ள வேறுபாடே போட்டியின் அளவு. கலிபோர்னியாவில் கென்னடியும் புருன்சும் பைன் கன்றுகளில் இவ்விதம் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டனர். அவர்கள் கண்டது, முந்திக் குடியேறிய இனமே மற்றதை விலக்கியது என்பது. பந்திக்கு முந்து என்ற நம்மூர் வழக்குப் பங்கசுக்கும் தெரிந்திருக்கிறது!

அப்படியானால் போட்டிதான் இயற்கை நியதி, சந்தைதான் சரி என்று எதிர்ப்பக்கத்துக் கனவான்கள் துள்ளக்கூடும். துள்ளவும் செய்கிறார்கள். 2011இல் கியர்சும் சகாக்களும், அதிக பொசுபரசு தரும் பங்கசுக்கு வேர் அதிக சர்க்கரை தருகிறது என்று காட்டியபோது, அதற்கு அவர்கள் எடுத்த உவமை 'சந்தை' என்பதே. சமுதாயத்தின் போட்டியை இயற்கையில் ஏற்றி, பிறகு இயற்கையிலிருந்து அதையே இறக்கிக் கொண்டுவந்து நித்திய நியதி என்று காட்டும் வித்தையை எங்கெல்ஸ் 1875இலேயே லாவ்ரோவுக்கு எழுதிய கடிதத்தில் அம்பலப்படுத்தினார். அந்த வாள் இருபுறமும் கூர் உள்ளது, நண்பர்களே. சந்தையை ஏற்றி இறக்குவது மோசடியென்றால் சமதர்மத்தை ஏற்றி இறக்குவது மட்டும் எப்படி விஞ்ஞானமாகும்?

நம் வீட்டுக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓரினத்துக்குள்ளே போட்டி என்பது பூர்ஷ்வாக் கற்பனை என்றார் லைசென்கோ. 1948இல் சோவியத் ஸ்டெப்பி வெளியில் காற்றுத்தடைக் காடுகள் நடத் திட்டமிட்டபோது, ஓக் வித்துக்களைக் கூடுகூடாக நெருக்கி விதைக்கச் சொன்னதும் இந்தக் கொள்கையின்படிதான். கன்றுகள் ஒன்றுக்கொன்று உதவுமாம். ஏராளமான கன்றுகள் பட்டுப்போயின. எதிர்த்துப் பேசிய வாவிலொவ் அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1943இல், சிறையில் மாண்டிருந்தார். மனிதர் ஒருவருக்கொருவர் கைகொடுப்பதற்குப் பங்கசிடம் நற்சாட்சிப் பத்திரம் வாங்கவேண்டியதில்லை. வாங்கப் போனால் பத்திரம் பொய்யென்று தெரியும் நாளில் கொள்கையும் சேர்ந்து சரியும்.

இதற்கிடையே உண்மையான கேள்வி நம் நாட்டிலேயே கிடக்கிறது. சிங்கராஜத்தில் 1970களில் ஒட்டுப்பலகைக்காக இயந்திரங்கொண்டு மரம் வெட்டினார்கள். மக்கள் எதிர்ப்பின்பின் 1977இல் அது நின்றது. காட்டின் ஓரங்களில் கரீபியப் பைனை நட்டார்கள். பைன் இத்தீவின் மரமன்று. தனக்குரிய பங்கசு இல்லாத மண்ணில் அது தேறாது. புவெர்ட்டோ ரிக்கோவில் 1950களில் வெளியிலிருந்து பங்கசு மண் கொணர்ந்த பின்னரே பைன் நிமிர்ந்தது. ஆகவே பைன் வந்த இடத்தில் புதிய குடியேறியொன்றும் மண்ணுக்குள் இருக்கிறது. குணதிலக்க தம்பதியர் முதலிய பேராதனை அறிஞர்கள் அப்பைன்களுக்கிடையே சிங்கராஜ மரக்கன்றுகளை நட்டு, பைன்களை வரிசையாக நீக்கி வெளிச்சம் விட்ட இடத்தில் அவை நன்கு வளர்ந்ததை 1990களில் காட்டினர். அந்த ஹொரக் கன்றின் வேர்நுனிக்கு முந்துவது பழைய காட்டின் பங்கசா, பைனோடு வந்ததா? காட்டை மீட்பதா, வெறும் மரங்களை நடுவதா என்பது அங்கேதான் தீர்மானமாகும். தாய்மரப் பாட்டு இதற்கு விடை சொல்லாது. அரிதட்டும் எண்ணிக்கையும் மூன்று சாடியும் சொல்லும்.

மறுவாரம் அந்த மாணவிக்கு மூன்று சாடிகளையும் கரும்பலகையில் வரைந்து விளக்கினேன். சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "கிருமி நீக்க மண்ணை அவித்தால் மண்ணிலுள்ள மற்றதெல்லாம் செத்துவிடுமே சேர், அது பிறகு காட்டு மண்ணா?" என்றாள்.