சாரலில் கார் மக்கர் செய்தால்...

ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு காரில் ஏறுகிறீர்கள். சாவியைத் திருப்பினால் 'டக்'கென்ற சத்தத்தோடு சரி! உடனே புது பாட்டரிக்காகத் தென்காசிக்கு ஆள் அனுப்பிவிடாதீர்கள். பாட்டரி முனையில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா, கவ்வி ஆடுகிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். விளக்கு எரியப் போதுமான பிடிப்பு அதற்குப் போதாது.

முதலில் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், அம்மா! இரு முனைக்கும் குறுக்கே தங்கம் பட்டால் பழுக்கக் காய்ந்துவிடும். மைனஸ் முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதுதான் கடைசி. டீக்கடை வெந்நீரில் பஜ்ஜிக்கடை ஆப்ப சோடாவைக் கரைத்து, பொடியைக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள்.

இனிதான் கவனம் தேவை. உங்கள் வீட்டுக்காரர் தம் புஜபலத்தையெல்லாம் ஸ்பானரில் காட்ட வருவார். தடுத்துவிடுங்கள்! முனை ஈயத்தால் ஆனது, மிருதுவானது. அதிகம் முறுக்கினால் நசுங்கும். அடியில் விரிசல் கண்டு ஆசிட் கசியும். கையால் திருகினால் கவ்வி அசையக் கூடாது. அதற்கு மேல் அரைச் சுற்றும் வேண்டாம். அப்புறமும் 'டக்' என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.