யார் வச்ச செய்வினை?

பி.காம். படித்தவனுக்கு வரவு செலவு தெரியும், வட்டிக் கணக்கு தெரியும், இங்கிலீஷ் கிராமர்கூடத் தெரியும் என்று எங்கள் ராயபுரம் தெருவில் யாரோ கிளப்பிவிட்டார்கள். விளைவு, தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு எதிர் வீட்டுப் பையன் நோட்டும் கையுமாக வந்து நிற்கிறான். பத்தாவது படிக்கிறான். ஃபீஸ்? அவனுடைய ஆயா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருவில் விற்கிறவர். வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு கூறு நெத்திலியோ, நாலு சங்கராவோ வந்துவிடும். எனக்கு வரவேண்டிய செக் எதுவும் இவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை!

போன வாரம் பாடம், ஆக்டிவ் வாய்ஸ் - பேசிவ் வாய்ஸ்.

"தமிழ்ல செய்வினை, செயப்பாட்டுவினைன்னு படிச்சிருப்பியேடா..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம். வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த ஆயா பதறிப்போய் எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி சொல்றே... செய்வினையா? யாரு வச்சது?"

இது சூனியம் இல்லை, இலக்கணம் என்று புரியவைக்க ஐந்து நிமிஷம் ஆனது. அப்படியும் ஆயாவுக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

கிராமர் புத்தகத்தில் பயிற்சிக்காக ஒரு கப்பல் கதை கொடுத்திருந்தார்கள். வேறென்ன, டைட்டானிக்தான். ஆக்டிவில் இருக்கிற கதையைப் பேசிவில் மாற்றவேண்டும். பையன் மளமளவென்று எழுதினான். 'தி டைட்டானிக் வாஸ் பில்ட் இன் பெல்ஃபாஸ்ட்.' ரைட். 'ஐஸ் வார்னிங்ஸ் வேர் ரிஸீவ்ட்.' அதுவும் ரைட். 'தி ஷிப் வாஸ் ஹிட் பை ஆன் ஐஸ்பெர்க்.'

"நிறுத்துடா" என்றேன். இலக்கணம் சரிதான். ஆனால் படிக்கிறவனுக்கு என்ன தோன்றும்? கப்பல் தேமேயென்று நின்றுகொண்டிருந்த மாதிரியும், பனிப்பாறை சந்திலிருந்து தாறுமாறாக வந்து முட்டின மாதிரியும் அல்லவா இருக்கிறது! 1912 ஏப்ரல் 14 ராத்திரி, பனிக்கட்டி இருக்கிறது என்று பகலெல்லாம் எச்சரிக்கை வந்தும், மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போனது கப்பல். பாறை பாவம், பாட்டுக்கு மிதந்துகொண்டிருந்தது.

அடுத்த வாக்கியம், 'டூ ஃப்யூ லைஃப்போட்ஸ் வேர் கேரீட்.'

"உயிர்காக்கும் படகுகள் குறைவாக எடுத்துச் செல்லப்பட்டன. சரி. 'பை' எங்கேடா? யாரால்?"

"'பை' தேவையில்லண்ணா. செஞ்சவங்க முக்கியம் இல்லேன்னா விட்டுடலாம்னு புக்லயே ரூல் போட்டிருக்கு."

ரூல் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் கப்பலில் இருந்தவர்கள் 2,200 பேருக்கு மேல். 20 படகுகளில் இடம் இருந்ததோ 1,178 பேருக்கு. செத்துப்போனவர்கள் 1,500 பேர் சொச்சம். செய்தவர் முக்கியமில்லையா? பத்தாயிரம் டன்னுக்கு மேல் எவ்வளவு பெரிய கப்பலாக இருந்தாலும் 16 படகு போதும் என்று பிரிட்டிஷ் சர்க்காரிடம் ஒரு பழைய விதி. டைட்டானிக் 46,000 டன்! விதியைப் புதுப்பிக்காத சர்க்கார் ஒரு 'பை'. விதிக்கு மேல் நாலு படகு வைத்துவிட்டோம், போதும் என்று நினைத்த கப்பல் கம்பெனி இன்னொரு 'பை'. இரண்டையும் விட்டுவிட்டால் மிச்சம் இருக்கிற ஒரே குற்றவாளி பனிப்பாறைதான். அதைக் கூண்டில் ஏற்றமுடியாது, உருகிவிடும்.

ஆயா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "அது எந்தூர்லயோ முழுகுன கப்பலு. நம்ம எண்ணூராண்ட ரெண்டு கப்பல் முட்டிக்கிச்சே, அத்த வச்சி சொல்லிக்குடு தம்பி."

நல்ல யோசனை. 2017 ஜனவரி 28, விடிகாலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள். ஒன்று, எல்.பி.ஜி. ஏற்றுகிற 'பி.டபிள்யூ. மேப்பிள்', துறைமுகத்திலிருந்து வெளியே போகிறது. இன்னொன்று, 'டான் காஞ்சிபுரம்', பெட்ரோலியச் சரக்கோடு உள்ளே வருகிறது. மோதல். கறுப்பு எண்ணெய் எர்ணாவூர், திருவொற்றியூர், காசிமேடு என்று கரை கரையாக ஒதுங்கி, மெரினாவையும் தாண்டிப் போனது.

"சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு எதுவும் இல்லைன்னு முதல்ல அறிவிக்கப்பட்டது" என்றேன்.

"பை?" என்றான் பையன். தேறிவிட்டான்!

பை துறைமுகம். அடுத்த ஒன்றிரண்டு நாளில் எர்ணாவூர் பாறைகளுக்கு நடுவில் தார் மாதிரிக் கசடு. 'தி ஆயில் வாஸ் ரிமூவ்ட் வித் பக்கெட்ஸ்.' பை? மீனவர்களால், காலேஜ் பிள்ளைகளால், தீயணைப்புக்காரர்களால், கடலோரக் காவல்படையால். முழங்கை வரைக்கும் கறுப்பு. இந்த 'பை' எல்லாம் சுலபமாகக் கிடைத்தது. 'தி ஆயில் வாஸ் ஸ்பில்ட்' என்பதற்கு எதிரேதான் பேனா நின்றுவிட்டது.

நம் தமிழ் இதில் இன்னும் கில்லாடி. 'எண்ணெய் கொட்டப்பட்டது' என்று யாராவது வீட்டில் பேசுகிறோமா? 'எண்ணெய் கொட்டிடுச்சு' என்போம். 'டம்ளர் உடைஞ்சிடுச்சு', 'சாவி தொலைஞ்சிடுச்சு', 'பால் பொங்கிடுச்சு'. ஆளை மறைக்க இங்கிலீஷ்காரன் ஒரு 'வாஸ்' தேடி அலையவேண்டும். நமக்கு அந்தச் செலவுகூட இல்லை. ஆள் அம்பேல்!

ஆனால் கல்வெட்டுகளைப் பாருங்கள். 'இக்கட்டிடம் மாண்புமிகு இன்னார் அவர்களால் திறந்து வைக்கப்பட்டது.' 'அவர்களால்' எப்படி விடாமல் வருகிறது, பட்டம் பதவியோடு! அந்தக் கட்டிடமே நாளைக்கு இடிந்து விழட்டும், 'இடிந்து விழுந்தது' என்பதோடு சரி. திறப்பதற்கு ஆள் உண்டு, இடிவதற்கு ஆள் கிடையாது.

பி.காமில் எங்களுக்கு முதல் பாடமே, ஒரு பக்கம் பற்று எழுதினால் எதிர்ப் பக்கம் ஒரு வரவு இருந்தாகவேண்டும் என்பதுதான். எதிர்ப் பக்கத்துப் பெயர் தெரியவில்லையா? தற்காலிகமாக 'அனாமத்து' என்று எழுதி வைக்கலாம். பர்ஸை எவனோ அடித்துவிட்டான், 'பர்ஸ் திருடப்பட்டது' என்று சொல்கிறோம். தப்பில்லை. ஆனால் வருஷக் கடைசிக்குள் அனாமத்தில் நிற்பது யார் என்று கண்டுபிடித்தாக வேண்டும். ஆடிட்டர் முதலில் விரலை வைக்கிற இடம் அதுதான். பேசிவ் வாய்ஸ் ஒரு அனாமத்துக் கணக்கு. தேவைதான். அதிலேயே குடித்தனம் நடத்தக்கூடாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் மறுபடி எண்ணெய். 'வெள்ளத்தில் எண்ணெய் கலந்துவிட்டது' என்றோம். வெள்ளமா எண்ணெய் காய்ச்சும்? எங்கிருந்து, எங்கிருந்து என்று எண்ணூர் மீனவர்கள் விடாமல் கேட்டார்கள். மணலி சி.பி.சி.எல். ஆலை வளாகத்திலிருந்து வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் சொன்னது. கேட்டால் 'பை' கிடைக்கிறது.

"அந்தக் கப்பல் முட்டிக்கினப்போ, கூடைய தூக்கினு இந்தத் தெரு பூரா சுத்துனேன் தம்பி" என்றார் ஆயா. "எடுத்து மூந்து பாக்குறாங்கோ, வச்சிட்டுப் பூடுறாங்கோ. நல்ல மீனுதாம்மா, ஆழத்துல புட்ச்சதுன்னு சொன்னாலும் கேக்கல. கடன் வாங்கி எடுத்த மீனு, குப்பையில கொட்டுனேன்."

பையன் தானாகவே எழுதிவிட்டான்: 'ஃபிஷ் வாஸ் நாட் பாட்.' மீன் வாங்கப்படவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "பை யார்ணா?" என்றான்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்போதும் நான் இதே தெருவில்தான் குடியிருந்தேன். பேப்பரில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு, அந்த மாசம் பூராவும் எங்கள் வீட்டில் சாம்பாரும் ரசமும்தான். ஆயா கூடையோடு வந்து கூப்பிட்டபோது கதவைத் திறக்கவில்லை. 'கதவு திறக்கப்படவில்லை' என்று எழுதியிருந்தால் எவ்வளவு சௌகரியம்!

"பை மீ-ன்னு எழுதுடா" என்றேன்.

ஆயா இதைக் கவனித்தாரோ இல்லையோ, வெற்றிலைப் பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். "இன்னமும் அந்தச் செய்வினை பாடம்தான் ஓடுதா? யாரு வச்சதுன்னு தெரிஞ்சுதா, இல்லியா?"

"கொஞ்சம் தெரிஞ்சுது ஆயா" என்றேன்.