சந்தோஷப் பள்ளத்தாக்கின் சோகம்

பச்சைக் குன்றுகள், கல் வீடுகள், ஆட்டு மந்தைகள். வடக்கு இங்கிலாந்தின் கால்டர் பள்ளத்தாக்கு கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் அங்கு போதைப் பொருளோடு மல்லுக்கட்டிய போலீஸார் கிண்டலாக வைத்த பெயர், 'ஹேப்பி வேலி'. அதையே தலைப்பாக்கினார், அதே வட்டாரத்தில் வளர்ந்த சாலி வெயின்ரைட். பிபிசியில் 2014இல் தொடங்கிய தொடரின் நாயகி, சாரா லங்காஷயர் நடித்த சார்ஜென்ட் கேத்தரின். பலாத்காரத்துக்கு ஆளான மகள் பிள்ளையைப் பெற்றுவிட்டுத் தற்கொலை செய்துகொள்ள, பேரனை வளர்க்கிறார். அப்பன் புத்தி வந்துவிடுமோ என்பதே அவர் பயம்.

2016இல் இரண்டாம் பாகம். பிறகு ஏழாண்டு மௌனம். பேரனாக நடித்த சிறுவன் வளரட்டும், தகப்பன் வேண்டுமா என்று அவனே முடிவெடுக்கட்டும் எனக் காத்திருந்தார் வெயின்ரைட். 2023இல் விடை கிடைத்தது. ரத்தத்தை வளர்ப்பு வென்றது.