நான்கு பாடமும் ஒரு காடும்

பிளஸ் ஒன் சேர்க்கை வந்தால் கூடலூர்ப் பக்கம் கேட்கும் பேச்சு ஒன்றுதான்: 'கணிதம்-உயிரியல் குரூப் எடுத்துடு, டாக்டரும் ஆகலாம், இன்ஜினீயரும் ஆகலாம்.' எடுக்கட்டும், தவறில்லை. தமிழும் ஆங்கிலமும் சேர்த்து ஆறு பாடம், 600 மதிப்பெண், பிள்ளைகள் தாங்குவார்கள். தாங்க முடியாதது, அதன்மேல் நீட்டுக்கு ஒரு பயிற்சி, ஜேஇஇக்கு இன்னொன்று என்று ஏற்றுவது. ஓவேலி எஸ்டேட் லயத்துப் பிள்ளைக்கு நாளின் அளவை முடிவுசெய்வது பஸ்ஸும் யானையும். இருட்டிய பிறகு டியூஷன் முடிந்து தேயிலைக்காட்டு வழியே தனியாக நடந்து வா என்று எந்த அம்மா சொல்வாள்? நகரத்து அட்டவணையை இங்கே ஒட்டினால் கழிவது தூக்கம்தான்.

2007 முதல் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று பிளஸ் டூ மதிப்பெண்ணே கட்ஆஃப். வேளாண்மைப் படிப்புக்கும் நீட் வேண்டாம். ஆகவே ஐஐடி ஆசை பிள்ளைக்கே இல்லாத வீட்டில் ஜேஇஇ வகுப்பை முதலில் வெட்டலாம். மருத்துவத்தில் மெய்யான ஆசை இருந்தால் நீட் மட்டும். அதுவும் வார இறுதியில், பகலில். கணக்கைக் கண்டாலே கசக்கிறதா? தாவரவியல், விலங்கியல் உள்ள குரூப் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் எடுத்த குரூப் அவனோடு இருக்கட்டும்.