பட்டாசுத் தொழிலாளியின் குழந்தைக்கு இந்த ஊசி கிடைக்குமா?

சிவகாசிக் குழந்தைகளை நீதிமன்றம் தொழிலாளர்களாகவே அறிந்திருக்கிறது. எம்.சி. மேத்தா வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என ஆணையிட்டது. அதே தொழிலாளர் குடும்பத்துக் குழந்தை நோயாளியாக வரும்போது பொறுப்பு யாருடையது?

சிறுநீர்ப் பின்னோட்டத்தை எடுத்துக்கொள்வோம். சிறுநீர்ப்பையில் சேர்ந்த நீர் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்கே திரும்பும் குறைபாடு இது. தொற்றும் சேர்ந்தால் சிறுநீரகத்தில் தழும்பு விழும். உயர் இரத்த அழுத்தம், சிறுநீரகச் செயலிழப்பு வரை செல்லக்கூடும். வெளியே தெரிவது பெரும்பாலும் காய்ச்சல் மட்டுமே. கடை மாத்திரையில் அது தணிந்துவிடும். சிறுநீர்ப் பரிசோதனை நடக்காது.

1984இல் டப்ளின் நகர மருத்துவர்கள் ஓ'டானல், புரி இருவரும் வயிற்றைத் திறக்காத சிகிச்சையை வெளியிட்டனர். எண்டோஸ்கோப்பிக் கருவியைச் சிறுநீர்த் துவாரம் வழியே செலுத்தி, சிறுநீர்க்குழாய் பையில் சேரும் இடத்தில் ஊசியால் ஒரு பொருளை ஏற்றிப் புடைக்கச் செய்வது அது. அன்று டெஃப்லான், அதன் துகள்கள் உடலில் இடம்பெயரும் அச்சத்தால் மாற்றுப் பொருள்கள் தேடப்பட்டன. 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெஃப்ளக்ஸ் கூழ் அவற்றுள் ஒன்று. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். லேசான பின்னோட்டம் பல குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகும். எல்லோருக்கும் ஊசி வேண்டியதில்லை. யாருக்கு வேண்டும் என்றறிய எம்.சி.யு. படமும் தொடர் கண்காணிப்பும் தேவை. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது நல்ல மாற்றமே. ஆயினும் ஒவ்வொரு வருகைக்கும் ஒருநாள் கூலி போகிறது.

சிறுநீரை அடக்கும் பழக்கமும் மலச்சிக்கலும் இருந்தால் இச்சிகிச்சையின் வெற்றி குறையும். பள்ளிக் கழிப்பறைக்கு அஞ்சி மாலைவரை அடக்கிக்கொள்ளும் சிறுமிக்கு ஊசி மட்டும் போதாது. தலித் குழந்தைக்கு அந்தக் கழிப்பறை வேறு அவமானத்தையும் வைத்திருக்கிறது: 2022இல் ஈரோடு மாவட்டப் பள்ளியொன்றில் தலித் மாணவர்களைக் கழிப்பறை கழுவவைத்த புகாரில் தலைமையாசிரியை கைதானார்.

2025 வரை நடப்பிலிருந்த தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் (1948) தொழிலாளியின் குழந்தையையும் குடும்பமாகவே ஏற்றது. ஒப்பந்ததாரர் வழியே வந்தவருக்கும் முதன்மை உரிமையாளரே முதலில் சந்தா கட்டவேண்டும் என்றது அதன் 40ஆம் பிரிவு. உரிமையாளர் பங்கு கூலியில் 3.25 சதவீதம்தான். ஆனால் உரிமம் ஒருவர் பெயரிலும் அறைகள் உள்குத்தகைதாரர் கையிலும் இருக்கும் ஆலையில், பதிவேட்டில் தாயின் பெயரே இருப்பதில்லை. பெயரில்லாதவருக்குக் காப்பீட்டு எண் ஏது? முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் உண்டே என்பர். அது அரசின் கடமை. உரிமையாளரின் கடனை அது தீர்க்காது.

ஓர் அறையில் எத்தனை பேர் அமரலாம் என்று எண்ணிப் பார்க்க ஆய்வாளர்கள் வருகிறார்கள். எண்ணும்போதே ஒவ்வொருவரின் காப்பீட்டு எண்ணையும் கேட்டுப் பதியட்டும்.