18 வயதுக்கு அப்புறம்



பிளஸ் டூ முடிவுகள் வரும் மாதம் இது. கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் 'அடுத்து என்ன படிக்கப் போறே?' என்ற விசாரிப்புதான். சிறப்புப் பள்ளியில் படித்த பிள்ளையிடம் மட்டும் யாரும் இதைக் கேட்பதில்லை. அம்மா மனசு சங்கடப்படுமே என்கிற நல்லெண்ணம்தான். ஆனால், அப்படிக் கேட்காமல் விட்டதில் பிள்ளையின் எதிர்காலமே பேச்சிலிருந்து விடுபட்டுப் போய்விட்டது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 வயதிலிருந்து 18 வயது வரை இலவசக் கல்விக்கு உரிமை தருகிறது. அதற்குப் பிறகு உயர்கல்வியில் 5 சதவீத இடம், அரசு வேலையில் 4 சதவீதம். கல்லூரி வரை போகிற பிள்ளைக்கு இது பெரிய பிடிமானம். எழுதப் படிக்கவே சிரமப்படுகிற பிள்ளை? பள்ளி முடிந்த மறுநாளிலிருந்து டி.வி. முன்னால் உட்கார்கிறான். சிறப்பாசிரியர்கள் வருடக்கணக்கில் பாடுபட்டுப் பழக்கியதெல்லாம், பயன்படுத்த வழியில்லாமல் மெல்ல மறந்துபோகிறது.

பெற்றோருக்கு முதல் அதிர்ச்சி பெரும்பாலும் வங்கியில்தான். பிள்ளை மேஜர், இனி அப்பா கையெழுத்து செல்லாது என்பார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும், 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் மனு கொடுத்து, சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்று வாங்கலாம். வங்கிகள் அந்தச் சான்றை ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கியும் சொல்லியிருக்கிறது. விவரம் கேட்க மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள்.

ஆனால் 18 முடிந்ததும் எல்லாரும் இதற்கு ஓடத்தான் வேண்டுமா? வேண்டாம் என்பேன். 2016 சட்டத்தின் 14-ஆம் பிரிவு 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' என்று ஒரு ஏற்பாட்டைச் சொல்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட முடிவுக்கு மட்டும், அதுவும் அந்த நபரின் விருப்பத்தை அனுசரித்து, அவரோடு சேர்ந்து முடிவெடுப்பவர். நம் வீட்டு வழக்கமோ நேர் எதிர். இருபது வயதுப் பையன் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, டாக்டர்கூட 'இவனுக்கு எங்கே வலிக்குது?' என்று அம்மாவைத்தான் கேட்கிறார். அவன் போடுகிற சட்டையைக்கூட அவன் எடுத்ததில்லை. அப்படி வளர்த்துவிட்டு, 'அவனுக்கு முடிவெடுக்கத் தெரியாது' என்று மனு எழுதுகிறோம்!

பதினாலு வயதிலேயே தொடங்கலாம். பால் பாக்கெட் வாங்கி மீதிச் சில்லறையை எண்ணிக் கொண்டுவரட்டும். பழகிய ரூட்டில் பஸ் ஏறட்டும், ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கினாலும் பரவாயில்லை. முகச்சவரம், மாதவிடாய், யார் எங்கே தொடலாம் என்பதையெல்லாம் கூச்சப்படாமல் சொல்லிக் கொடுங்கள். கையெழுத்துப் பழகட்டும், வராவிட்டால் கைரேகை போதும்.

'எங்க காலத்துக்கு அப்புறம்?' என்ற கவலைக்கு, தங்கச்சி பார்த்துப்பா என்று நாமே பதில் சொல்லிவிடுகிறோம். அந்தத் தங்கச்சியை ஒருவராவது கேட்டோமா? மத்திய அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு விதிகளின்படி ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பணியில் இருக்கும்போதே அலுவலகப் பதிவில் பிள்ளையின் விவரத்தைச் சேர்த்துவிடுங்கள்.

கடை, அச்சகம், நர்சரி, பேக்கரி நடத்துகிற வாசகர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறீர்கள். தினம் இரண்டு மணி நேர வேலை, அதற்குரிய கூலி. இந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கு உங்களால் தர முடியுமா? முடியும் என்றால் ஊரையும் வேலையையும் குறிப்பிட்டு எழுதுங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்