ஐந்தாம் ஆண்டின் கணக்கு

புதிய சிகிச்சை ஒன்றின் வெற்றியை, நோயாளி நலமுடன் வீடு திரும்பும் நாளிலேயே அளந்துவிடுவது நமது வழக்கம். நாளிதழ்களில் இடம்பெறுவதும் அந்த நாளின் புகைப்படம்தான். அதே நோயாளி ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு எப்படி உண்கிறார், எப்படி உறங்குகிறார் என்பது செய்தியாவதில்லை. ஓர் அணையின் பயனை அதன் திறப்பு விழாவன்று கணக்கிட முடியாது. அது எத்தனை ஆண்டுகள் நீர் தரும் என்பதை வைத்தே கணக்கிட வேண்டும் என்று பொருளியல் வகுப்புகளில் பல்லாண்டுகள் சொல்லி வந்தவன் நான். மருத்துவச் செலவுக்கும் அதே அளவுகோல்தான் பொருந்தும்.

உணவுக்குழாய்த் தசையை எண்டோஸ்கோப்பி வழியாக வெட்டித் தளர்த்தும் 'போயம்' என்ற சிகிச்சை இதற்குத் தக்க சான்று. இதன் ஐந்தாண்டு முடிவுகள் சில அண்மைக் காலத்தில்தான் வெளிவந்துள்ளன. அவை ஒருபுறம் நம்பிக்கை தருகின்றன. மறுபுறம் நாம் கேட்கத் தவறிய கேள்வி ஒன்றையும் முன்வைக்கின்றன.

முதலில் நோயைப் பார்ப்போம். நாம் விழுங்கும் உணவு தானாக இரைப்பைக்குள் விழுவதில்லை. உணவுக்குழாயின் தசைகள் மேலிருந்து கீழாக அலைபோல் ஒழுங்காகச் சுருங்கி அதைத் தள்ளுகின்றன. அந்த ஒழுங்கு குலைந்து, தசைகள் காலம் தவறியோ மிகை விசையுடனோ சுருங்குவதே உணவுக்குழாய் இசிவு. 1889-இல் பாஸ்டன் நகர மருத்துவர் ஹாமில்டன் ஆஸ்குட் இதை முதலில் விவரித்தார். விழுங்குவதில் தடையும், மார்பைப் பிழியும் வலியும் இதன் அடையாளங்கள். இந்த வலி மாரடைப்பின் வலியை ஒத்திருப்பதால், நோயாளிகள் பலர் முதலில் இதய மருத்துவரிடமே செல்கின்றனர். இசிஜி இயல்பாக இருக்கிறது என்ற பதிலுடன் திரும்பி, மீண்டும் வலியால் துடிக்கின்றனர். உணவுக்குழாயின் அழுத்தத்தை அளவிடும் மேனோமெட்ரி பரிசோதனைதான் நோயை உறுதிசெய்யும். 'அகலேசியா' என்பது இதற்கு நெருங்கிய உறவுள்ள மற்றொரு நோய். அதில் உணவுக்குழாயின் அடிவாயில் திறக்க மறுக்கிறது. அதன் மூன்றாம் வகையில் அடைப்பு, இசிவு இரண்டும் சேர்ந்திருக்கும்.

தசையை வெட்டித் தளர்த்தும் எண்ணம் புதிதன்று. ஜெர்மானிய அறுவை மருத்துவர் எர்ன்ஸ்ட் ஹெல்லர் 1913-லேயே அகலேசியாவுக்கு அதைச் செய்தார். பின்னாளில் அது நுண்துளை அறுவை சிகிச்சையாக மாறியது. வெளியில் எந்த வெட்டும் இன்றி வாய் வழியாகவே இதைச் செய்ய முடியும் என்பதை, அமெரிக்காவில் பணியாற்றிய இந்திய வம்சாவளி மருத்துவர் பங்கஜ் பஸ்ரிச்சாவின் குழு 2007-இல் பன்றிகளில் நிறுவிக் காட்டியது. அடுத்த ஆண்டே ஜப்பானின் ஹருஹிரோ இனோவே அதை மனிதரில் செய்தார். உணவுக்குழாயின் உட்படலத்தில் சிறு துளையிட்டு, படலத்துக்கும் தசைக்கும் இடையே சுரங்கம்போல் வழி அமைத்து, தசையை வெட்டி, துளையைக் கிளிப்புகளால் மூடுவதே இந்த முறை. இசிவு நோய்க்கு இதில் தனிச் சிறப்பு உண்டு. வயிற்றுப் பக்கமிருந்து எட்ட முடியாத உயரம் வரை, மேனோமெட்ரி காட்டும் அளவுக்கு ஏற்ப வெட்டை நீட்டலாம். ஹைதராபாதின் ஆசிய இரைப்பைக் குடலியல் நிறுவனம் இதில் உலகின் முன்னணி மையங்களுள் ஒன்று.

முடிவுகள் என்ன சொல்கின்றன? அகலேசியா நோயாளிகள் 221 பேரைக் கொண்டு ஐரோப்பாவில் நடந்த ஆய்வில், இரண்டாம் ஆண்டில் போயம் 83 விழுக்காட்டினருக்கும், ஹெல்லர் அறுவை சிகிச்சை ஏறத்தாழ 82 விழுக்காட்டினருக்கும் பலன் தந்தது. அதே ஆய்வின் ஐந்தாண்டு முடிவுகள் 2025-இல் வெளியாயின. பலன் முறையே 75 விழுக்காடாகவும் ஏறத்தாழ 71 விழுக்காடாகவும் குறைந்திருந்தது. பலூன் கொண்டு விரிக்கும் பழைய முறையோடு ஒப்பிட்ட மற்றோர் ஆய்வில், போயத்தின் பலன் இரண்டாம் ஆண்டில் 92 விழுக்காடு, ஐந்தாம் ஆண்டில் 81 விழுக்காடு. பலூன் முறையின் பலனோ ஐந்தாம் ஆண்டில் வெறும் 40 விழுக்காடு. ஆக, இது நல்ல சிகிச்சை என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டாம் ஆண்டின் எண்ணும் ஐந்தாம் ஆண்டின் எண்ணும் ஒன்றல்ல.

மேற்சொன்னவை அகலேசியாவுக்கான கணக்கு. தனித்த இசிவு நோய்க்கு இவ்வளவு வலுவான சான்று இல்லை. 2017-இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, எட்டு ஆய்வுகளில் இடம்பெற்ற 179 நோயாளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. மூன்றாம் வகை அகலேசியாவில் 92 விழுக்காடு, பரவிய இசிவில் 88 விழுக்காடு, 'ஜாக்ஹாமர்' எனப்படும் மிகைச்சுருக்க வகையில் 72 விழுக்காடு பலன் தெரிந்தது. ஆனால் அந்த எட்டும் வேறொரு சிகிச்சையுடன் குலுக்கல் முறையில் ஒப்பிடப்படாத நோக்காய்வுகள். இசிவு நோயாளிகள் சிலருக்குச் சிகிச்சை இன்றியே காலப்போக்கில் வலி தணிகிறது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். எனவேதான் அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தனித்த இசிவுக்கு எளிய மருத்துவ முறைகளை முயன்று பார்த்த பிறகே, நோயாளிக்கு நோயாளி ஆராய்ந்து போயத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்று கூறியது.

மற்றொரு விலையும் உண்டு. அடிவாயில் தசை வெட்டப்பட்டால் இரைப்பை அமிலம் மேலேறுவதற்குத் தடை குறைகிறது. ஐரோப்பிய ஆய்வின் ஐந்தாம் ஆண்டில், போயம் செய்துகொண்டோரில் 41 விழுக்காட்டினருக்கு அமிலத்தால் உணவுக்குழாய் புண்பட்டிருந்தது. ஹெல்லர் சிகிச்சையில் இது 31 விழுக்காடு. அவர்களில் பலருக்கு நெஞ்செரிச்சலே தெரிவதில்லை. எண்டோஸ்கோப்பியில் பார்த்தால்தான் தெரியும். பெரும்பாலும் மாத்திரையால் கட்டுப்படுத்தக்கூடியதுதான் இது. ஆனால் இருப்பதே தெரியாத புண்ணுக்கு யார் மாத்திரை சாப்பிடுவார்கள்?

இந்த இடத்தில்தான் நான் வாழும் பூண்டியின் நிலை எனக்கு முக்கியமாகிறது. கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூரையும் கவுஞ்சியையும் கடந்து வரும் ஊர் இது. பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைவிக்கும் மக்கள். இங்குள்ள விவசாயி ஒருவர், பெருநகர மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை பெற்றுத் திரும்பினார். சில ஆண்டுகளாகக் கஞ்சியையே நம்பியிருந்தவர் இப்போது சோறு உண்கிறார். கோப்பை என்னிடம் கொடுத்து அவர் கேட்டது ஒரே கேள்வி: "சார், இது எத்தனை வருசத்துக்குத் தாங்கும்?" ஆறு மாதம் கழித்து வரும்படி அந்தத் தாளில் எழுதியிருந்தது. அவர் போகவில்லை. போவதென்றால் இங்கிருந்து கொடைக்கானல், அங்கிருந்து மலையிறங்கிப் பெருநகரம், வெளியூரில் ஓர் இரவு, துணைக்கு ஓர் ஆள், இருவருக்கும் இரண்டு மூன்று நாள் வேலை இழப்பு. உடம்பு நன்றாக இருக்கும்போது இந்தச் செலவைச் செய்யாமலிருப்பது அறியாமையன்று; அவரளவில் அது சரியான கணக்கு.

ஆனால் அவரைப் போன்றோர் வராமல் போவதால், நம் எல்லோருடைய கணக்கும் பழுதாகிறது. ஓர் எடுத்துக்காட்டு: 100 பேருக்குச் சிகிச்சை நடந்ததாகக் கொள்வோம். ஐந்தாம் ஆண்டில் 60 பேர் மட்டும் பரிசோதனைக்கு வருகின்றனர். அவர்களில் 48 பேர் நலம் என்றால், வெற்றி 80 விழுக்காடு என்று எழுதுவோம். வராத 40 பேரும் நலமாக இருந்தால் உண்மை விழுக்காடு 88. அவர்கள் அனைவரும் மீண்டும் நோயுற்று வேறு மருத்துவரிடம் போயிருந்தால் உண்மை 48. நாம் பெருமையோடு சொல்லும் 80, இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே எங்கோ மிதக்கும் ஓர் ஊகம் மட்டுமே. வராதவர்கள் பெரும்பாலும் ஏழைகள், தொலைவில் வாழ்பவர்கள், மலைவாசிகள். அதாவது, எவருடைய பலனை அறிவது மிக அவசியமோ, அவர்களே கணக்கில் இல்லை.

கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மருத்துவம் ஏன் பிற சந்தைகளைப் போல் இயங்குவதில்லை என்பதை விளக்கினார். வாங்குபவருக்குத் தாம் வாங்கும் பொருளின் தரம் தெரியாது, பலன் நிச்சயமற்றது. நமது காப்பீட்டுத் திட்டங்கள் இந்த இடைவெளியைக் குறைக்கவில்லை. அவை பெரும்பாலும் செய்யப்பட்ட செயலுக்கே பணம் தருகின்றன. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம், வீடு திரும்பிய பிறகு 15 நாள்கள் வரையிலான செலவை ஏற்கிறது. பதினாறாம் நாளிலிருந்து ஐந்தாம் ஆண்டு வரை நோயாளியின் கதை என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு எவருக்கும் ஊதியமில்லை. ஊதியமில்லாத வேலை நடப்பதில்லை என்பது எங்கள் துறையின் பால பாடம்.

நீண்டகாலத் தொடர்கவனிப்பு நமது சூழலில் இயலாது என்போருக்கு நமது திண்டுக்கல் மாவட்டமே பதில். 2000-இல் இம்மாவட்டத்தின் கிராமப் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எளிய பரிசோதனை ஆய்வு தொடங்கியது. மருத்துவர் சங்கரநாராயணன் தலைமையிலான குழு ஆயிரக்கணக்கான பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பயிற்சி பெற்ற செவிலியரே பரிசோதனை செய்தனர். ஒட்டன்சத்திரத்துக்கு அருகிலுள்ள அம்பிளிக்கையை மையமாகக் கொண்ட புற்றுநோய்ப் பதிவேடும் உருவானது. நோய் 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன என்ற முடிவு 2007-இல் 'லான்செட்' இதழில் வெளியாகி, உலகெங்கும் கவனிக்கப்பட்டது. பெருநகரக் கருவிகளால் கிடைத்த முடிவன்று அது. வீடு தேடிச் சென்றதாலும், பெயர் விடாமல் பதிந்ததாலும் கிடைத்தது.

போயத்துக்கு அவ்வளவு உழைப்புகூடத் தேவையில்லை. மேற்சொன்ன ஆய்வுகளில் வெற்றியை அளந்த எக்கார்ட் மதிப்பெண்ணில் இருப்பவை நான்கே கேள்விகள்: விழுங்கத் தடை உண்டா, உணவு மேலேறி வருகிறதா, மார்பு வலி உண்டா, எடை குறைந்ததா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 3-க்குள் இருந்தால் வெற்றி. இதைத் தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை கொண்டு வீடு தேடி வருகின்றனர். அவர்களே ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் செலவிட்டால் போதும். அமிலப் புண்ணைக் கேள்விகளால் கண்டறிய முடியாது என்பதால், குறிப்பிட்ட இடைவெளியில் ஓர் எண்டோஸ்கோப்பி தேவை. அதை மலைக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலேயே செய்து, படத்தைச் சிகிச்சை அளித்த மருத்துவருக்கு அனுப்பலாம்.

பணம் எங்கிருந்து வரும்? முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில், சில சிகிச்சைகளுக்குத் தொடர்சிகிச்சைத் தொகுப்புகள் ஏற்கெனவே உள்ளன. எனவே புதிய கோட்பாடு எதுவும் தேவையில்லை. இருப்பதை விரிவுபடுத்தினால் போதும். இத்தகைய புதிய சிகிச்சைகளுக்கான தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, நோயாளியின் முதலாம், மூன்றாம், ஐந்தாம் ஆண்டு நிலையைப் பதிவு செய்த பிறகே மருத்துவமனைக்கு விடுவிக்கலாம். பலன் நன்றா தீதா என்பது நிபந்தனையாக இருக்கக் கூடாது. அப்படி வைத்தால் கடினமான நோயாளிகளை மருத்துவமனைகள் தவிர்க்கத் தொடங்கும். பதிவு மட்டுமே நிபந்தனை. நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் பயணப்படி தருவதும் இச்செலவில் அடங்க வேண்டும்.

மாநிலம் முழுவதற்குமான ஒரே பதிவேடு இருந்தால், எந்த வகை இசிவுக்குப் பலன் நிலைக்கிறது, எவ்வளவு நீள வெட்டுக்குப் பின் எவ்வளவு அமிலப் புண் வருகிறது, யாருக்கு வெட்டாமலே இருந்திருக்கலாம் என்பவை சில ஆண்டுகளில் தெளிவாகும். இசிவு நோய் அரிது. அதனாலேயே ஒரு மருத்துவமனையின் அனுபவம் போதாது. அனைவரின் அனுபவமும் ஒரே இடத்தில் சேர வேண்டும். அதுவரை, இந்தச் சிகிச்சைக்கு ஆயத்தமாகும் எவரும் மருத்துவரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம்: உங்களிடம் சிகிச்சை பெற்றவர்களில் எத்தனை பேரின் ஐந்தாம் ஆண்டு நிலை உங்களுக்குத் தெரியும்? தெரியாதவர்கள் எத்தனை பேர்? இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்லும் மருத்துவரை நம்பலாம்.